சக்கரத்துள் காற்றை அடைத்த மிருக வைத்தியர்

வசந்தம் பிறந்து மொன்றியல் வீதிகளில் உறைபனி உருகி ஓடத் தொடங்கியதும், நான்கைந்து மாத காலம் கராஜ்களிலும் நிலக்கீழ் அறைகளிலும் அடைந்து கிடந்த மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. நம்மவரின் பிள்ளைகளும் இப்போது அவற்றில் ஏறித் திரிகின்றனர். பல்கலைக்கழகத்துக்குச் செல்வோர், உணவகங்களில் இரவு வேலை முடித்துத் திரும்புவோர், வீடு வீடாக உணவுப் பொதி கொண்டு செல்வோர் எனப் பலதரப்பட்டோர் இதில் அடங்குவர். வண்டியை வெளியே எடுக்கும் இளைஞர் அதனைக் கழுவித் துடைக்கின்றனர், பற்றரியைப் பார்க்கின்றனர், எண்ணெயை மாற்றுகின்றனர், சங்கிலிக்கு எண்ணெய் இடுகின்றனர். ஆயினும் ரயர்களில் எவ்வளவு காற்று உண்டு என்பதை அளந்து பார்ப்போர் அவர்களுள் மிகச் சிலரே. கண்ணுக்குத் தெரியாத பொருளின்மீது கவனம் செல்வதில்லை என்பது மனித இயல்பு.

அந்தக் கண்ணுக்குத் தெரியாத பொருளைச் சக்கரத்துக்குள் அடைத்து, உலகம் முழுவதும் பயன்படுமாறு செய்தவர் ஜோன் பொய்ட் டன்லொப். அவருடைய பெயர் நமக்குப் புதிதன்று. ஊரில் நம் தந்தையரின் துவிச்சக்கர வண்டிகளில் பூட்டியிருந்த ரயர்களின் பக்கங்களில் அப்பெயரைத் தடவிப் பார்த்தே நம்மில் பலர் ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசிக்கப் பழகினோம். ஆனால் அவர் ஒரு பொறியியலாளர் அல்லர் என்பதும், ஆலை முதலாளியாக வாழ்ந்தவர் அல்லர் என்பதும், ஆடு மாடு குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்த மனிதர் என்பதும் பலரும் அறியாத செய்திகள். அவருடைய வாழ்க்கையை இங்கு எடுத்துரைப்பதற்கு, வரலாற்றை அறியும் ஆவல் மட்டும் காரணமன்று. அவர் கண்டது எதுவென்று சரியாக விளங்கிக்கொள்பவர், தம் வண்டியின் ரயரை அளக்காமல் வீதியில் இறங்கமாட்டார்.

கமக்காரர் வீட்டுப் பிள்ளை

டன்லொப் 1840ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் ஏயர்ஷயர் பகுதியில், ட்றெகோர்ன் என்னும் ஊரிலுள்ள ஒரு பண்ணையில் பிறந்தார். கால்நடைகளோடு வளர்ந்த அவர் எடின்பரோ நகரில் மிருக வைத்தியம் கற்றுத் தேறினார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் சொந்த நாட்டிலேயே தொழில் செய்தபின், 1867ஆம் ஆண்டு கடலைக் கடந்து அயர்லாந்தின் டவுன்பற்றிக் நகருக்குக் குடிபெயர்ந்தார். அகதியாகச் சென்றவர் அல்லர். தொழில் தேடிப் பெயர்ந்தவர். எனினும் புதிய மண்ணில் பெயர் ஈட்டுவதற்கு அவருக்கும் உழைப்பும் காலமும் வேண்டியிருந்தன. தம் சகோதரர் ஜேம்ஸுடன் சேர்ந்து அங்கு ஒரு மிருக வைத்திய நிலையத்தை நிறுவினார். பின்னர் பெல்பாஸ்ற் நகருக்கு வந்து மே வீதியில் தொழிலைத் தொடங்கினார். 1880களின் நடுப்பகுதியளவில், அயர்லாந்தின் மிகப் பெரிய மிருக வைத்திய நிலையங்களுள் ஒன்றாக அது வளர்ந்துவிட்டது.

அமைதியான சுபாவமும் நீண்ட தாடியும் கொண்ட இம்மனிதருக்கு இறப்பருடன் ஓரளவு பழக்கம் இருந்தது. தம் தொழிலுக்கு வேண்டிய சில பொருட்களை இறப்பரைக் கொண்டு தாமே செய்துகொள்வது அவரது வழக்கம். கால்நடைகளைப் பார்ப்பதற்காகக் குதிரை வண்டியில் கரடுமுரடான பாதைகளில் நாள்தோறும் பயணம் செய்தமையால், வண்டிச் சக்கரத்தின் அதிர்வு எத்தகைய துன்பம் என்பதையும் உடலால் அறிந்திருந்தார். அக்காலத்தில் வண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டம் கட்டுவர். வசதியுள்ளோர் திண்ம இறப்பரைப் பூட்டுவர். அவ்விரண்டும் வீதியின் ஒவ்வொரு கல்லையும் பயணியின் முதுகெலும்புக்கு அறிவித்தன. பழைய துவிச்சக்கர வண்டிக்கு ஆங்கிலேயர் எலும்பு குலுக்கி என்று பொருள்படும் பெயரை இட்டிருந்தமை இதனாலேயே.

மகனின் முச்சக்கர வண்டி

டன்லொப்பின் மகன் அப்பொழுது பத்து வயதை அண்மித்த சிறுவன். திண்ம இறப்பர் பூட்டிய முச்சக்கர வண்டி ஒன்று அவனிடம் இருந்தது. பெல்பாஸ்ற் வீதிகளோ கருங்கற்கள் பதித்தவை. அவற்றின்மீது வண்டியோட்டுவது அவனுக்குப் பெரும் சிரமமாக இருந்தது. மகனின் குறையைக் கேட்ட தந்தை, கற்களை மாற்ற இயலாது, சக்கரத்தை மாற்றலாம் என்று எண்ணினார்.

1887ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், தம் வீட்டு முற்றத்தில் அவர் ஒரு சோதனையை நடத்தினார். ஏறத்தாழ மூன்றடி விட்டமுள்ள மரத்தட்டு ஒன்றைச் செய்து, மெல்லிய இறப்பர்த் தகட்டினால் ஆன குழாய் ஒன்றை அதன் விளிம்பைச் சுற்றி அமைத்தார். துணியால் அதனைப் போர்த்தி மரத்தோடு இறுக்கினார். காற்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பைக் கொண்டு குழாய்க்குள் காற்றைச் செலுத்தினார். பின்னர் மகனுடைய வண்டியின் சக்கரம் ஒன்றையும் தாம் செய்த தட்டையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். வண்டிச் சக்கரம் சிறிது தூரம் ஓடிச் சாய்ந்தது. காற்றுக் குழாய் பூட்டிய தட்டோ முற்றத்தின் மறு எல்லை வரை ஓடி, வாயிற்றூணில் மோதித் திரும்பியது.

இச்சோதனையின் பொருள் ஆழமானது. டன்லொப் தேடியது சொகுசை. கிடைத்ததோ சொகுசும் வேகமும். கல்லில் மோதும்போது திண்மச் சக்கரம் வண்டி முழுவதையும் மேலே தூக்குகிறது. அதற்குச் செலவாகும் ஆற்றல் வீணாகிறது. காற்றடைத்த சக்கரமோ அக்கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, உருக்குலையாமல் மேலே செல்கிறது. ஆகவே மென்மையாக ஓடும் சக்கரமே விரைவாகவும் ஓடுகிறது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உள்ளேயுள்ள காற்று, தாங்கவேண்டிய பாரத்துக்கு ஏற்ற அளவினதாக இருத்தல் வேண்டும். காற்றுக் குறைந்தால் ரயர் நசிந்து இழுபடும். கூடினால் பழைய திண்மச் சக்கரமாகவே மாறிவிடும். டன்லொப்பின் கண்டுபிடிப்பு இறப்பரில் இல்லை, காற்றின் அளவிலேயே இருக்கிறது.

நகைத்தோர் வாயடைத்த நாள்

மகனின் வண்டியின் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் காற்றுக் குழாய்களைப் பூட்டி ஓடச் செய்து பார்த்தபின், டன்லொப் துவிச்சக்கர வண்டிக்கும் அவற்றைச் செய்தார். தென் பெல்பாஸ்ரிலுள்ள செரிவேல் விளையாட்டுத் திடலில் சோதனைகள் நடைபெற்றன. 1888ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் திகதி அவருக்கு ஆக்கவுரிமை வழங்கப்பட்டது.

புதிய பொருளை மக்கள் நம்பவேண்டுமாயின் அதனைக் கண்ணெதிரே காட்டவேண்டும். அந்த வாய்ப்பை வில்லி ஹியூம் என்னும் ஓட்டவீரர் ஏற்படுத்திக் கொடுத்தார். பெல்பாஸ்ற் சைக்கிள் ஓட்டக் கழகம் ஒன்றின் தலைவரான அவர், காற்று ரயர் பூட்டிய துவிச்சக்கர வண்டியைப் பணம் கொடுத்து வாங்கிய முதல் மனிதர். 1889ஆம் ஆண்டு மே 18ஆம் திகதி பெல்பாஸ்ற் குயின்ஸ் கல்லூரி விளையாட்டுப் போட்டியில் அவர் அவ்வண்டியுடன் இறங்கினார். பருத்த ரயர்களைக் கண்ட கூட்டம் நகைத்தது. போட்டி முடிந்தபோது, ஹியூம் கலந்துகொண்ட நான்கு ஓட்டங்களிலும் அவரே முதலாவதாக வந்திருந்தார். சில நாட்களின் பின் லிவர்பூல் நகரிலும் ஒன்றைத் தவிர ஏனைய சைக்கிள் ஓட்டங்கள் யாவற்றையும் வென்றார்.

தோற்றவர்களுள் ஹாவி டு குறோ என்னும் செல்வந்தரின் புதல்வர்களும் இருந்தனர். டு குறோ அயர்லாந்துச் சைக்கிள் ஓட்டுநர் சங்கத்தின் தலைவர், கூர்மையான வணிகர். தம் பிள்ளைகள் தோற்றதற்கான காரணத்தை ஆராய்ந்த அவர், அதில் ஒரு பெருந்தொழிலின் வித்தைக் கண்டார். டன்லொப்புடன் சேர்ந்து, டப்ளின் நகரிலிருந்த பழைய நிறுவனம் ஒன்றைப் புதுப்பித்துக் காற்று ரயர் வணிகத்தைத் தொடங்கினார்.

முன்னரே நடந்த பாதை

இந்நிலையில் எதிர்பாராத ஓர் அடி விழுந்தது. ஆக்கவுரிமை கிடைத்து இரண்டு ஆண்டுகள் சென்றபின், அது செல்லாது என்று டன்லொப்புக்கு அறிவிக்கப்பட்டது. ஸ்ரோன்ஹேவன் என்னும் ஊரில் 1822இல் பிறந்த றொபேட் வில்லியம் தொம்சன் என்னும் வேறொரு ஸ்கொட்லாந்துக்காரர், இதே எண்ணத்துக்கு 1845இல் பிரித்தானியாவிலும், 1846இல் பிரான்சிலும், 1847இல் அமெரிக்காவிலும் உரிமை பெற்றிருந்தார். இறப்பர் பூசிய துணிக் குழாயைத் தோலால் மூடிச் செய்த அவரது சக்கரங்கள் இலண்டன் றீஜன்ற் பூங்காவில் ஓடிக் காட்டப்பட்டன. ஆயினும் தொம்சன் காலத்தில் துவிச்சக்கர வண்டி மக்கள் வண்டியாகவில்லை. தக்க இறப்பரும் மலிவாகக் கிடைக்கவில்லை. குதிரை வண்டிக்காக அத்துணைச் செலவு செய்ய எவரும் முன்வராததால் அந்த எண்ணம் மறக்கப்பட்டது. தொம்சன் 1873இல் காலமானார்.

டன்லொப் தொம்சனின் ஆக்கத்தை அறிந்திராமலே தம் வழியில் அதே முடிவுக்கு வந்தவர். சட்டம் முதலில் பதிந்தவரைப் பார்க்கிறது. காலமோ தேவையான வேளையில் வந்தவரைப் பார்க்கிறது. இருவருள் எவரையும் தாழ்த்த வேண்டியதில்லை.

ஆக்கவுரிமையை இழந்த நிறுவனத்தை வேறு சிலரின் புத்தாக்கங்கள் காப்பாற்றின. டன்லொப்பின் முதல் ரயர்கள் சக்கரத்தோடு ஒட்டிக் கட்டப்பட்டவை. முள் குத்தினால் கழற்றி ஒட்டுவது பெரும்பாடு. 1890இல் சார்ள்ஸ் வெல்ச் என்பவர், விளிம்பில் கம்பி வளையம் வைத்துக் கழற்றிப் பூட்டக்கூடிய ரயரை அமைத்தார். அதே ஆண்டில் வில்லியம் பார்ட்லெற் என்பவர் வேறொரு முறையைக் கண்டார். வூட்ஸ் என்பவரின் வால்வு, கைப்பம்பினால் எவரும் காற்றடிக்க வழி செய்தது. சிறு இறப்பர்க் குழாய் மாட்டிய வால்வை ஊரில் சைக்கிள் கடைகளில் நாம் வாங்கிப் பூட்டினோம் அல்லவா? அந்த வால்வின் மூலம் அதுவே.

பெயர் நிலைத்தது, பொருள் நிலைக்கவில்லை

தம் உரிமையை டன்லொப் பெரும் பணத்துக்கு விற்றாரல்லர். நிறுவனத்தின் ஒரு தொகைப் பங்குகளை மட்டுமே பெற்றுக்கொண்டு உரிமையைக் கையளித்தார். நிறுவனத்தின் போக்கில் உடன்பாடு குன்றியபோது, 1895இல் அதிலிருந்து விலகிக்கொண்டார். அடுத்த ஆண்டே டு குறோ அவ்வணிகத்தை ரெறா ஹூலி என்னும் நிதி வணிகருக்கு 30 இலட்சம் பவுணுக்கு விற்றார். ஹூலி அதனைப் பொதுமக்களுக்கு 50 இலட்சம் பவுணுக்கு மறுவிற்பனை செய்தார். டன்லொப்புக்கு அந்தச் செல்வத்தில் பங்கு இருக்கவில்லை. மோட்டார் கார்களுக்கான ரயர்களை அந்நிறுவனம் 1900ஆம் ஆண்டில்தான் செய்யத் தொடங்கியது; அப்பொழுது அவர் அங்கு இல்லை.

எனினும் அவரது பெயரையும் தாடி முகத்தையும் நிறுவனம் விடவில்லை. முத்திரையில் அம்முகம் உலகெங்கும் சென்றது. விளம்பரங்களில் தம்மை ஆடம்பர உடையணிந்த பகட்டுக்காரராகச் சித்திரித்தது அந்த எளிய மனிதருக்குப் பெரும் மனவருத்தத்தைத் தந்தது.

இதே காலத்தில்தான் மோட்டார் சைக்கிளும் பிறந்தது. 1885இல் ஜேர்மனியில் டைம்லர் செய்த முதல் வண்டிக்கு மரச் சக்கரங்களே இருந்தன. 1894இல் ஹில்டபிராண்ட், வொல்ஃமியூலர் என்போர் மியூனிக் நகரில் விற்பனைக்கென்று செய்த மோட்டார் சைக்கிளில் காற்று ரயர்கள் பூட்டப்பட்டன. இயந்திர வேகமும் இரு சக்கரங்களும் சேர்ந்தபோது, காற்று ரயர் ஆறுதல் தரும் பொருள் என்னும் நிலையிலிருந்து உயிர் காக்கும் பொருள் என்னும் நிலைக்கு உயர்ந்தது. நான்கு சக்கர வண்டியில் ஒரு ரயர் தளர்ந்தால் ஏனைய மூன்றும் ஓரளவு தாங்கும். இரு சக்கரத்தில் அத்தகைய மன்னிப்பு இல்லை.

இறப்பர் மரத்தின் நிழலில்

டன்லொப்பின் கண்டுபிடிப்பு உலகின் இறப்பர்ப் பசியைக் கிளப்பிவிட்டது. அதன் விலையைக் கொடுத்தவர் வேறு மக்கள். ஆபிரிக்காவில் பெல்ஜிய மன்னர் லியோபோல்ட்டின் ஆட்சியிலிருந்த கொங்கோவில், காட்டு இறப்பரைச் சேகரிக்குமாறு மக்கள் கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர். அக்கொடுமையை 1904இல் அறிக்கையாக உலகுக்குத் தெரிவித்தவர் றொஜர் கேஸ்மன்ற். அவரும் டப்ளின் அருகே பிறந்தவரே.

தமிழருக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1876இல் பிறேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகள் இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டன. முளைத்த கன்றுகளுள் ஏறத்தாழ 1900 இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவிலுள்ள ஹேனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. அங்கிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இறப்பர் பரவியபோது, மலாயாவின் தோட்டங்களிலும், களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலும் பால் வெட்டியவர்களுள் பெருந்தொகையினர், கங்காணிகளால் தமிழகத்திலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட எம்மினத்தவர். உலகின் சக்கரங்கள் மென்மையாக உருள்வதற்கு, விடியற்காலைப் பனியில் மரத்துக்கு மரம் ஓடிய கால்கள் காரணமாயின. டன்லொப்பை இதற்குப் பொறுப்பாளியாக்குவது நியாயமன்று. ஆயினும் ரயர் என்றால் காற்றும் இறப்பரும் மட்டுமல்ல, மனித உழைப்பும் என்பதை மறந்து அவர் வரலாற்றை எழுதவும் இயலாது.

எவ்வளவு காற்று?

இனி, நம் இளைஞர் அன்றாடம் எதிர்கொள்ளும் வினாவுக்கு வருவோம். டன்லொப்பின் முற்றத்தில் அமுக்கமானி இருக்கவில்லை. விரலால் அழுத்திப் பார்த்தே அவர் அளவை ஊகித்திருத்தல் கூடும். நமக்கு அந்த நிலை இல்லை. சில டொலர்களுக்கு அமுக்கமானி கிடைக்கிறது. அப்படியிருந்தும் ரயரைக் காலால் உதைத்துப் பார்த்துத் திருப்தியடைவோர் பலர். மோட்டார் சைக்கிளின் ரயர் பாதிக் காற்றை இழந்த நிலையிலும் உதைக்கு உறுதியாகவே இருக்கும்.

சரியான அளவை எங்கே காண்பது? வண்டியின் கையேட்டிலும், பின்சக்கரத்தைத் தாங்கும் சட்டத்தில் அல்லது சங்கிலி மூடியில் ஒட்டப்பட்ட தகட்டிலும் அது குறிக்கப்பட்டிருக்கும். ரயரின் பக்கத்தில் பொறிக்கப்பட்டுள்ள எண் வேறு. அந்த ரயர் தாங்கக்கூடிய மிகக் கூடிய பாரத்தையும் அதற்குரிய அமுக்கத்தையுமே அது காட்டுகிறது. நாள்தோறும் அடிக்கவேண்டிய அளவை அன்று. இவ்வேறுபாட்டை அறியாமல் அளவுக்கு மிஞ்சிக் காற்றடிப்போர் பலர். பெரிய வீதி வண்டிகள் பலவற்றுக்கு முன்சக்கரத்தில் சதுர அங்குலத்துக்கு 36 இறாத்தல், பின்சக்கரத்தில் 42 இறாத்தல் என்பது வழக்கமான அளவு. கனடாவில் கிலோபஸ்காலிலும் அளவு குறிக்கப்படுவதால், 36 இறாத்தல் ஏறத்தாழ 250 கிலோபஸ்கால் என்பதை மனத்தில் வைத்திருத்தல் நன்று. சிறிய வண்டிகளுக்கு அளவு இதைவிடக் குறையும். ஒருவர் சொன்னதைக் கேட்டு மற்றவர் அடிப்பது தவறு. அவரவர் வண்டிக்கு அவரவர் தகடே சான்று.

காற்றுக் குறைந்தால் நிகழ்வது யாது? ரயரின் பக்கச் சுவர்கள் ஓயாமல் மடங்கி விரிந்து சூடேறுகின்றன. கைபிடி பாரமாகிறது, வளைவுகளில் வண்டி தளம்புகிறது, நெடுந்தூர வேக ஓட்டத்தில் அச்சூடே ரயரைச் சிதைத்துவிடக்கூடும். காற்றுக் கூடினால் வீதியைத் தொடும் பரப்புச் சுருங்குகிறது, பிடிப்புக் குறைகிறது, நடுப்பகுதி மட்டும் தேய்கிறது, சிறு மேட்டிலும் வண்டி துள்ளுகிறது. மழைநாளில் காற்றைக் குறைத்தால் பிடிப்புக் கூடும் என்று சிலர் எண்ணுவர். அதுவும் பிழையே. காற்றுக் குறைந்த ரயரின் பள்ளங்கள் நெருங்கிக்கொள்வதால், நீரை வெளியேற்றும் ஆற்றல் குறைந்துவிடும்.

பாரத்தின் கணக்கை நம்மவருக்கு விளக்கவேண்டியதில்லை. எரிபொருள் அரிதாகிப்போன 1990களின் யாழ்ப்பாணத்தில், விறகும் நெல்லும் நோயாளியும் துவிச்சக்கர வண்டியிலேயே சென்றனர். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறிய மக்கள், வாழ்நாளின் தேட்டத்தை அதே வண்டிகளில் கட்டித் தள்ளிச் சென்றனர். பாரம் கூடினால் காற்றும் கூடவேண்டும் என்பதை அனுபவம் நமக்குக் கற்பித்திருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கும் அதே விதி. பல வண்டிகளின் தகட்டில் தனியே ஓட்டுவதற்கு ஓர் அளவும், பின்னால் ஒருவரையோ பொதியையோ ஏற்றுவதற்கு வேறோர் அளவும் தரப்பட்டிருக்கும். நண்பனை ஏற்றும் நாளிலும், உணவுப் பெட்டி பூட்டும் நாளிலும் இரண்டாவது அளவையே கொள்ளவேண்டும்.

மொன்றியலின் குளிர் இக்கணக்கில் மேலும் ஒன்றைச் சேர்க்கிறது. அடைபட்ட காற்று குளிரும்போது அதன் அமுக்கம் தாழ்கிறது. 20 பாகை செல்சியஸில் 36 இறாத்தலாக இருந்த ரயர், 0 பாகையில் ஏறத்தாழ 32½ இறாத்தலாகவும், 20 பாகை உறைநிலைக் குளிரில் ஏறத்தாழ 29 இறாத்தலாகவும் காட்டும். ஒரு துளி காற்றும் கசியாத நிலையிலேயே இவ்வளவு. இதனோடு மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் இறாத்தல் இயல்பாகக் கசிந்தும் போகிறது. கார்த்திகையில் நிறுத்தி வைத்த வண்டியைச் சித்திரையில் எடுப்பவர், தாம் விட்டுச்சென்ற காற்று அப்படியே இருக்கும் என்று நம்புதல் ஆகாது. மேலும், மதிய வெயிலில் அளந்து நிரப்பியதை மறுநாட் காலைக் குளிரில் மீண்டும் பார்த்தல் வேண்டும். ஏப்ரலில் இவ்விரண்டு வேளைகளுக்கும் இடையே 15 பாகை வேறுபாடு ஏற்படுவது அருமையன்று.

அளக்கவேண்டிய நேரம் வண்டி ஓடுவதற்கு முன்னரே. ஓடிய ரயர் சூடேறுவதால் மூன்று நான்கு இறாத்தல் கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றைத் திறந்துவிடுபவர், ரயர் ஆறியபின் குறைந்த காற்றுடன் ஓடுவார். ஆகையால் குறைந்தது மூன்று மணி நேரம் ஓய்ந்திருந்த வண்டியை, சொந்த அமுக்கமானியால், வாரத்துக்கு ஒருமுறையும் நெடும்பயணத்துக்கு முன்னும் அளத்தல் நன்று. வால்வின் மூடியை மறவாமல் மூடவேண்டும். அது தூசையும் ஈரத்தையும் தடுக்கிறது.

இந்நகரின் வீதிகள் இதனை மேலும் வற்புறுத்துகின்றன. தார் வீதியின் வெடிப்புகளுள் இறங்கிய நீர் உறைந்து விரிந்து, பின் உருகி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் எங்கும் குழிகளைத் தோற்றுவிக்கிறது. கியூபெக் மக்கள் அவற்றைக் கோழிக்கூடு என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். காற்றுக் குறைந்த ரயர் அத்தகைய குழியில் விழுந்தால், விளிம்பு வளைந்து, ரயரும் அறுபடும். சரியான காற்றுள்ள ரயரோ, டன்லொப்பின் முற்றத்தில் உருண்ட அந்தச் சக்கரத்தைப் போல, அடியைத் தன்னுள் வாங்கி எழும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மோட்டார் சைக்கிளுக்கும் குளிர்கால ரயர் கட்டாயம் என்பதால், பலரும் அக்காலத்தில் வண்டியை நிறுத்தியே வைக்கின்றனர். ஆபத்து அதிகமாவது, அத்தடை நீங்கிய உடனேயே குழிகளும் குளிரும் மணலும் எஞ்சியுள்ள வீதியில் ஆவலோடு இறங்கும் அந்த முதல் வாரங்களிலேயே.

இறுதிக் காலம்

நிறுவனத்தை விட்டு விலகிய டன்லொப் டப்ளினிலேயே அமைதியாக வாழ்ந்தார். துணி வணிகம் ஒன்றில் ஈடுபட்டார். தாம் தொடங்கிய தொழில் உலகைச் சுற்றி வளைப்பதை ஓரத்தில் நின்று பார்த்தார். காற்று ரயரின் வரலாற்றைத் தம் நோக்கில் எழுதியும் வைத்தார். அது அவர் மறைவுக்குப் பின் அவருடைய மகளின் முயற்சியால் நூலாக வெளிவந்தது. 1921ஆம் ஆண்டு ஒக்ரோபர் 23ஆம் திகதி, போல்ஸ்பிரிட்ஜ் பகுதியிலிருந்த தம் இல்லத்தில், 81ஆம் வயதில் காலமானார். டீன்ஸ் கிறேஞ்ச் மயானத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவரிடம் பெருஞ் செல்வம் சேரவில்லை, ஆக்கவுரிமையும் நிலைக்கவில்லை, முகமும் பெயரும் பிறருக்குச் சொந்தமாயின. எனினும் ஒரு பிள்ளையின் முறைப்பாட்டைத் தந்தையொருவர் பொருட்படுத்திக் கேட்டார் என்னும் செய்தியை எவரும் அவரிடமிருந்து பறிக்க இயலவில்லை. இந்நாட்டில் நம் பிள்ளைகள் எவ்வளவோ இழப்புகளுக்குப் பின் வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகள். அவர்கள் மோட்டார் சைக்கிளில் ஏறுவதைத் தடுக்கப் பெற்றோரால் இயலாமற் போகலாம். தடுப்பது நியாயமாக இல்லாமலும் போகலாம். ஆனால் வண்டிச் சாவியோடு ஓர் அமுக்கமானியையும் அவர்கள் கையில் கொடுக்க எந்தத் தாய் தந்தையராலும் இயலும். காலையில் அதனை வால்வில் வைத்துப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.